எதிரி ஊரோடு ஒரே ஜெர்சி: நெப்ராஸ்காவில் பையனின் பள்ளி ஃபுட்பாலோடு நான்கு ஆண்டுகள்

2023 செப்டம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஃபுட்பால் பயிற்சிக்குப் போன பையன் முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டான். நம் ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி மோதும் அமெரிக்க ஃபுட்பால். ஷோல்டர் பேடைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, "சீசன் முடிஞ்சுதுப்பா, ஆள் இல்லை" என்றான். அதற்கு மேல் பேசவில்லை. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அதன் தாடைப் பட்டையைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தான்.

ஆகஸ்டில் பதின்மூன்று பேரோடு ஆரம்பித்த அணி. ஒருவனுக்குத் தோள்பட்டை நழுவியது, ஒருவனுக்கு முழங்கால், இன்னொருவனுக்குத் தலையில் அடி. மிச்சம் பத்துப் பேர், அதில் நான்கு பேர் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். நீங்கள் ஆடுவது வழக்கமான பதினோரு பேர் ஆட்டம் இல்லை, எட்டுப் பேர் ஃபுட்பால்தானே, பத்துப் பேர் போதாதா என்று ஊரிலிருந்து மாமா போனில் கேட்டார். போதாது. பெரிய பள்ளிகளில் தாக்குதலுக்கு ஒரு அணி, தடுப்புக்கு ஒரு அணி என்று ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். இங்கே அதே எட்டுப் பேர்தான் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும், இடையில் பந்தை உதைப்பதற்கும் அவர்களேதான். ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியான நான்காவது குவார்ட்டரில் கால் இழுத்துப்போன ஒரு பையன், எதிரே ஓடிவரும் நூறு கிலோ ஆளை நிமிர்ந்து பார்த்துத் தடுக்கத் தெம்பில்லாமல் தலையைக் குனிந்து மோதுவான். கழுத்து போவது அப்போதுதான். கோச் எடுத்த முடிவு சரியான முடிவு. ஆனால் அதற்கு முன் மூன்று ஆண்டுகள் இருந்தன, அந்த மூன்று ஆண்டுகளில் பெரியவர்கள் நாங்கள் செய்திருக்க வேண்டியதைச் செய்யவில்லை. அதைத்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இங்கே வந்தது 2014 கோடையில். என் மனைவி மருத்துவர், வெளிநாட்டிலிருந்து பயிற்சிக்கு வருபவர்களுக்கான ஜே-1 விசாவில் ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சியை முடித்தவர். அப்படி முடித்தவர்கள் இரண்டு ஆண்டுகள் தாய்நாடு திரும்பிப் போய் இருக்க வேண்டும், இல்லையென்றால் மருத்துவர் பற்றாக்குறை உள்ள ஊரில் மூன்று ஆண்டுகள் வேலை பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு முப்பது இடம், கான்ராட் 30 என்று பெயர். அந்த வழியாக அமெரிக்கக் கிராமங்களுக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய, இதைப் படிப்பவர்களிலும் சிலர் இருப்பீர்கள். எங்களுக்குக் கிடைத்தது நெப்ராஸ்காவின் தென்பகுதியில் அறுநூறு பேர் உள்ள ஊர், சோளக்காடு, ஒரு தானியக் கிடங்கு, இருபத்தைந்து படுக்கைக்கு மேல் வைத்துக்கொள்ள அனுமதி இல்லாத வகை மருத்துவமனை ஒன்று. மூன்று ஆண்டு முடிந்ததும் டல்லாஸுக்கோ சிகாகோவுக்கோ போய்விடுவது என்பதுதான் திட்டம். பையன் இரண்டாம் வகுப்பு, பெண் அப்போது கைக்குழந்தை.

நாங்கள் போகாமல் இருந்ததற்குப் பாதிக் காரணம் வெள்ளிக்கிழமை இரவுகள். முதல் ஆண்டு அக்டோபரில் பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டி, "இன்றைக்கு வீட்டில் உட்காரக் கூடாது" என்று சொல்லி எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். பதினோரு மைல் தள்ளியிருக்கும் பக்கத்து ஊரோடு ஆட்டம். வங்கியின் கண்ணாடி, தபால் நிலையத்துக் கண்ணாடி எல்லாவற்றிலும் சிவப்புச் சாயத்தில் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். மைதானத்தைச் சுற்றி பிக்கப் வண்டிகளைப் பின்பக்கமாக நிறுத்தி, அதில் போர்வையைப் போர்த்திக்கொண்டு பாட்டிகள் உட்கார்ந்திருந்தார்கள். சில்லிக் குழம்போடு சின்னமன் ரோல் கொடுத்தார்கள், இந்த மாநிலத்தில் அது இரண்டும் ஒரே தட்டில்தான் வரும். சொந்த ஊரில் எங்கள் பக்கத்துக் கிராமத்துக்கும் எங்களுக்கும் கபடியில் இருந்த பகை எனக்குத் தெரியும், அதனால் இந்தச் சத்தம் எனக்குப் புதிதாகவே இல்லை.

இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு பால் கேன் இருக்கிறது. பழைய காலத்துப் பத்து கேலன் தகரக் கேன். பாதி சிவப்பு, பாதி நீலம். ஜெயித்தவர்கள் அடுத்த ஆண்டு வரை வைத்துக்கொள்ளலாம். 1950களிலிருந்து ஒவ்வொரு ஆண்டின் ஸ்கோரும் அதில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். முதல் வரிசைகள் அழகான கையெழுத்து, நடுவில் யாரோ அவசரக்காரர், கடைசிப் பத்து ஆண்டுகள் ஒரே ஆள், ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு போடுவார். பெரியவர் 1961 வரிசையில் விரலை வைத்துக் காட்டினார். அவர் ஆடிய ஆட்டம், தோற்ற ஆட்டம். தன்னைக் கீழே தள்ளியவனின் பெயரை அறுபது ஆண்டு கழித்தும் சொல்வார்.

ஊர் ஏன் சுருங்குகிறது என்பதற்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை, வீட்டு வாசலில் நின்று பார்த்தால் போதும். பெரியவரின் அப்பா காலத்தில் 160 ஏக்கருக்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்கு நான்கைந்து பிள்ளைகள். இன்று நெப்ராஸ்காவில் ஒரு பண்ணையின் சராசரி அளவு ஆயிரம் ஏக்கரை ஒட்டி. நடுவில் ஒரு குழாய்க் கோபுரம் வட்டமாகச் சுற்றித் தண்ணீர் பாய்ச்சும், ஜிபிஎஸ் டிராக்டரை ஓட்டும், அப்பாவும் ஒரு மகனும் சேர்ந்து மூவாயிரம் ஏக்கரைப் பார்த்துக்கொள்வார்கள். 1935இல் அமெரிக்கா முழுக்க 68 லட்சம் பண்ணைகள், 2022 கணக்கெடுப்பில் 19 லட்சம். நிலம் எங்கேயும் போகவில்லை, விளைச்சலும் கூடியிருக்கிறது, பிள்ளைகள்தான் இல்லை. 1980களில் கடனில் பண்ணைகள் ஏலம் போனபோது ஒரு தலைமுறையே இந்த மாநிலத்தின் பெரிய நகரங்களான லிங்கனுக்கும் ஒமாஹாவுக்கும் கிளம்பிவிட்டது.

எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஹெப்ரான் என்று ஒரு ஊர். அதற்குப் பக்கத்தில் இருக்கும் செஸ்டரில் ஸ்டீஃபன் எப்லர் என்ற ஆசிரியர் 1934இல் ஆறு பேர் ஃபுட்பாலை உருவாக்கினார். பொருளாதார மந்தக் காலம், பதினோரு பேரைச் சேர்க்கவும் அவர்களுக்குச் சாமான் வாங்கவும் சின்னப் பள்ளிகளால் முடியவில்லை. மைதானத்தை 80 கெஜமாகக் குறைத்தார். அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் ஓர் இரவு, ஹெப்ரானில் விளக்கு வெளிச்சத்தில் முதல் ஆட்டம், 19-19 என்று சமநிலையில் முடிந்தது. எனக்கு இதில் பெரிய விஷயமாகப் பட்டது ஸ்கோர் இல்லை. அன்று ஆடிய இரண்டு அணியுமே தலா இரண்டு பள்ளிகள் சேர்ந்த அணி. ஹார்டியும் செஸ்டரும் ஒரு பக்கம், பெல்விடியரும் அலெக்சாண்ட்ரியாவும் மறுபக்கம். ஆக, ஆள் குறைவதும் பக்கத்து ஊரோடு சேர்வதும் இங்கே தொண்ணூறு ஆண்டுக் கதை. அந்த நான்கு ஊர்களிலும் இன்று உயர்நிலைப்பள்ளி கிடையாது. இந்த மாநிலத்துப் பள்ளிப் பெயர்களைப் பார்த்தாலே புரியும்: ப்ரூனிங்-டேவன்போர்ட், லாரன்ஸ்-நெல்சன், எக்ஸிடர்-மில்லிகன். ஒவ்வொரு சின்னக் கோட்டுக்குப் பின்னாலும் இரண்டு ஊர் கூடி உட்கார்ந்து அழுத கூட்டம் ஒன்று இருந்திருக்கும்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளி முன்பு பதினோரு பேர் ஆட்டம் ஆடியது, நாங்கள் வருவதற்கு வெகுமுன்பே எட்டுக்கு இறங்கிவிட்டது. எட்டுப் பேர் ஆட்டம் மட்டம் என்று நினைக்காதீர்கள். மைதானம் அகலம் குறைவு, 40 கெஜம், ஆனால் ஆள் அதைவிடக் குறைவு என்பதால் ஓட்டம் அதிகம், இரண்டு அணியும் ஐம்பது புள்ளி எடுத்த ஆட்டங்களைப் பார்த்திருக்கிறேன். பையன் 2021இல் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது அணியில் பத்தொன்பது பேர். அடுத்த ஆண்டு பதினாறு. அப்புறம் பதின்மூன்று. ஒவ்வோர் ஆண்டும் கோடையில் "எப்படியோ சமாளித்துவிடலாம், இரண்டு பையன்கள் புதிதாக வருவார்கள்" என்று பேசுவோம். நானும் பேசியிருக்கிறேன்.

இதில் நான் முதலில் கற்றுக்கொண்டது, எண்ண வேண்டிய இடம் லாக்கர் ரூம் இல்லை, கிண்டர்கார்ட்டன் வகுப்பு என்பது. இன்று கிண்டர்கார்ட்டனில் எத்தனை பையன்கள் இருக்கிறார்கள் என்று எண்ணினால், ஒன்பது ஆண்டு கழித்து ஒன்பதாம் வகுப்பில் அதிகபட்சம் எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும். அதில் பாதிப் பேர்தான் ஃபுட்பாலுக்கு வருவார்கள். 2021இல் ஆறாம் வகுப்பில் மூன்றே பையன்கள் இருந்தார்கள், பள்ளி வராந்தாவில் தினம் அவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம். ஒரு காகிதத்தில் பன்னிரண்டு வகுப்பின் எண்ணிக்கையையும் எழுதி சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தால் போதும், யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. நெப்ராஸ்காவில் பிள்ளைகள் தங்கள் எல்லைக்கு வெளியே உள்ள பள்ளிக்கும் போகலாம், 1989லிருந்து அப்படிச் சட்டம் இருக்கிறது. அணி ஆட்டம் காண்கிறது என்ற பேச்சு வந்தவுடனேயே கூடைப்பந்து நன்றாக ஆடும் இரண்டு குடும்பங்கள் பெரிய பள்ளிக்கு மாறிவிட்டன. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. தெளிவாக ஒரு திட்டம் இல்லாத பள்ளியில் பிள்ளையை வைத்திருக்க யாருக்கும் பயமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, பக்கத்து ஊரோடு பேச்சைப் பத்தொன்பது பேர் இருக்கும்போதே ஆரம்பித்திருக்க வேண்டும். பத்துப் பேரோடு போய் உட்கார்ந்தால் அது பேச்சுவார்த்தை இல்லை, அடைக்கலம் கேட்பது. மாநிலத்தில் ஃபுட்பால் அட்டவணையை இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்துப் போடுவார்கள். அந்தச் சுற்றுக்கு முன்னால் கூட்டணி முடிவாகவில்லை என்றால் பிள்ளைகளின் ஒரு சீசனோ இரண்டோ அடிபட்டுப் போகும். எங்கள் அதிர்ஷ்டம், அணி கலைந்த அந்த இலையுதிர்காலத்திலேயே அடுத்த சுற்றுக்கான வேலையும் வந்தது. அதனால் எண்பது ஆண்டுப் பகையைச் சில வாரங்களில் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் வந்த வெள்ளிக்கிழமை, நாங்கள் ஆடியிருக்க வேண்டியது அவர்களோடுதான். பால் கேன் அப்போது எங்களிடம் இருந்தது, 2022இல் ஜெயித்திருந்தோம். ஆட வராத அணி தோற்றதாகக் கணக்கு, ஆகவே கேன் அவர்களுக்குப் போக வேண்டும். அவர்களுடைய கோச் எங்கள் கோச்சைக் கூப்பிட்டு, "நாங்கள் அதை எடுக்க வரமாட்டோம், அங்கேயே இருக்கட்டும்" என்று சொன்னார். அதே போனில் இன்னொன்றும் சொன்னார். அவர்களிடம் இருந்தது பதினைந்து பேர். அவர்களும் இரவெல்லாம் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள், வெளியே காட்டிக்கொள்ளவில்லை, நாங்களும் காட்டிக்கொள்ளவில்லை. ஊரை ஊர் அவ்வளவு கவனித்துக்கொண்டிருந்தும் இதை மட்டும் கவனிக்காமல் போய்விட்டோம் என்று நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

கூட்டங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளி நிர்வாகக் குழுவான ஸ்கூல் போர்டின் கூட்டத்துக்கு யாரும் போகலாம், நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே ஒட்டுவார்கள், பேசவும் நேரம் உண்டு. சாதாரண மாதங்களில் நான் போனால் நான் ஒருவன்தான் இருப்பேன். அக்டோபரில் ஜிம்மில் நடந்த கூட்டத்துக்கு இருநூறு பேர் வந்தார்கள், மடக்கு நாற்காலி போதாமல் பலர் சுவரோரம் நின்றார்கள். மூன்று மணி நேரத்தில் கல்வியைப் பற்றி ஒரே ஒருவர்தான் பேசினார். மற்ற எல்லாம் நிறம், பெயர், எந்த ஊரில் ஆட்டம், அப்புறம் வரி. வரி சின்ன விஷயம் இல்லை. இங்கே கிராமப் பள்ளிகளுக்குப் பணம் பெரும்பாலும் நில வரியிலிருந்துதான் வருகிறது, இன்றைக்கு ஃபுட்பால், நாளைக்குப் பள்ளியையே இணைத்து எங்கள் வரியை ஏற்றுவீர்களா என்று விவசாயிகள் கேட்டார்கள், கேட்பதற்கு அவர்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. ஆகவே விளையாட்டை மட்டும் சேர்ப்பதையும் பள்ளியை இணைப்பதையும் தனித்தனித் தாளில் எழுதி, தனித்தனிக் கூட்டத்தில் பேசுங்கள். எங்கள் கூட்டத்தில் இரண்டையும் குழப்பியதால் ஒரு மாலை முழுக்க வீணானது.

நிறத்தையும் பெயரையும் பெரியவர்கள் கையில் விடாதீர்கள். அணிகளைச் சேர்ப்பதற்காக இரண்டு ஊரும் போட்ட கமிட்டியில் ஊருக்கு நான்கு பேர், நானும் இருந்தேன். இரண்டு கூட்டம் சிவப்பா நீலமா என்று போனது. கடைசியில் இரண்டு பள்ளியிலும் ஏழாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை ஒரே அறையில் உட்காரவைத்து பீட்சா வாங்கிக் கொடுத்துவிட்டு நாங்கள் வெளியே போய்விட்டோம். நாற்பது நிமிடத்தில் கறுப்பும் வெள்ளியும் என்று முடிவு செய்துவிட்டார்கள், புதுப் பெயரோடு. அவர்கள் கோடையில் ஒரே சோளக்காட்டில் சேர்ந்து வேலை செய்தவர்கள், ஒரே பேஸ்பால் அணியில் ஆடியவர்கள், பாதிப் பேர் ஒருவருக்கொருவர் ஏற்கெனவே செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

எழுதி வைக்க வேண்டியவை வேறு. பயிற்சி எந்த ஊரில், எத்தனை நாள், பஸ்ஸை யார் ஓட்டுவது, டீசல் யார் கணக்கு, ஹெல்மெட்டுகளைச் சரிபார்த்துச் சான்று வாங்க அனுப்பும் செலவு யாருடையது. ஆட்டங்கள் மாறி மாறி நடக்கட்டும் என்று வாயால் சொல்லிக்கொண்டால் மழை பெய்த முதல் வெள்ளிக்கிழமை சண்டை வரும், எங்களுக்கு வந்தது. பெஞ்சில் யார் உட்காருகிறார்கள் என்பதையும் பாருங்கள். முதல் சில வாரங்களில் ஒரு ஊர்ப் பையன்கள் மட்டும் ஆடினால் மறு ஊர்க்காரர்கள் ஸ்டாண்டிலிருந்து எண்ணுவார்கள். எங்கள் கோச்சும் அவர்கள் கோச்சும் இதை முன்னாலேயே பேசி, யார் தலைமை, யார் துணை என்று ஒளிவுமறைவு இல்லாமல் அறிவித்ததுதான் அணியைக் காப்பாற்றியது.

காயத்தைப் பற்றி, மருத்துவர் வீட்டிலிருந்து ஒரு வார்த்தை. நெப்ராஸ்காவில் 2012 முதல் சட்டம் இருக்கிறது: தலையில் அடிபட்டிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே பையனை வெளியே எடுத்துவிட வேண்டும், மருத்துவத் துறையில் உரிமம் உள்ளவரின் எழுத்துப்பூர்வ அனுமதியும் பெற்றோர் அனுமதியும் இல்லாமல் திரும்ப ஆட முடியாது. தாளில் நன்றாக இருக்கிறது. ஆனால் பத்துப் பேர் உள்ள அணியில் "தலை வலிக்கிறது" என்று சொல்ல ஒரு பையனுக்கு எவ்வளவு மனசு வர வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். தான் உட்கார்ந்தால் ஆட்டமே நின்றுவிடும் என்று அவனுக்குத் தெரியும். என் மனைவி பையனை ஆட விட்டதே ஒரு நிபந்தனையில்தான்: எண்ணிக்கை பன்னிரண்டுக்குக் கீழே போனால் யார் என்ன சொன்னாலும் இவன் இறங்கமாட்டான். அந்த எண்ணை ஆகஸ்டிலேயே முடிவு செய்து பையனிடம் சொல்லிவிடுங்கள். அக்டோபரில் ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை முடிவு செய்ய முடியாது.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு இன்னொன்று. பாப்கார்ன் கடையில் ஒரு ஷிஃப்ட் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு ஆண்டுகள் பாப்கார்ன் இயந்திரத்துக்குப் பின்னால் நின்றதால்தான் என்னைக் கமிட்டியில் போட்டார்கள். இரண்டு ஊருக்கும் பொதுவான ஆள் என்று என்னை நினைத்தார்கள், ஏனென்றால் என் தாத்தா யாரையும் 1961இல் கீழே தள்ளவில்லை. வெளியாள் என்பது இப்படி உதவும் என்று நான் நினைத்ததே இல்லை.

கோப்பைகளையும் படங்களையும் பற்றி யாரும் கடைசி வரை யோசிப்பதில்லை. எங்கள் பள்ளியின் கண்ணாடி அலமாரியில் 1930களின் அணிப் படங்கள் இருக்கின்றன, தோல் ஹெல்மெட்டோடு. பலவற்றின் பின்னால் பெயர் எழுதவில்லை. பெரியவரையும் அவர் வயதுக்காரர்கள் மூன்று பேரையும் உட்காரவைத்து, படத்தை டேபிளில் பரப்பி, ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் எழுதினோம். இரண்டு மாதத்தில் அந்த நால்வரில் ஒருவர் இறந்துவிட்டார். அந்த வேலையை இன்றைக்கே செய்யுங்கள், பள்ளி மூடப்போகிறதோ இல்லையோ.

2024 ஆகஸ்ட் கடைசியில் சேர்ந்த அணியின் முதல் ஆட்டம், அவர்கள் ஊர் மைதானத்தில். இருபத்தாறு பையன்கள் கறுப்பு ஜெர்சியில் ஓடி வந்தார்கள். என் பையன் பன்னிரண்டாம் வகுப்பு. ஸ்டாண்டில் எங்கள் ஊர்க்காரர்கள் இடது பக்கம், அவர்கள் வலது பக்கம், நடுவில் இரண்டு ஆள் அகலத்துக்கு வெறும் பலகை. பெரியவர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் என் வண்டியில்தான் வந்தார், பழைய சிவப்புத் தொப்பியோடு. முதல் குவார்ட்டர் முழுக்க வாயைத் திறக்கவில்லை. இரண்டாவதில் ஒரு பையன், 54ஆம் எண், எதிரணியின் ஓட்டக்காரனைப் பின்னாலிருந்து துரத்திப் பிடித்து நிறுத்தினான். "யார் வீட்டுப் பையன் அது?" என்று கேட்டார். நான் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக் குடும்பப் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தாத்தனும் இப்படித்தான், பின்னாலிருந்துதான் வருவான்" என்றார். அப்புறம் எழுந்து நின்று கைதட்டினார். அடுத்த வாரம் எங்களை முந்திக்கொண்டு போய் அந்த வெறும் பலகையில் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஆண்டு நான்கு ஆட்டம் ஜெயித்தோம், நான்கு தோற்றோம். பையன் கல்லூரிக்குப் போய்விட்டான். பால் கேன் எங்கள் பள்ளி அலுவலகத்தில்தான் இருக்கிறது, 2022க்குக் கீழே இடம் காலியாக. பெண் இப்போது ஏழாம் வகுப்பு, வாலிபால் அணியையும் சேர்த்துவிட்டார்கள், அதற்கு ஒரே ஒரு கூட்டம்தான் தேவைப்பட்டது.

இந்த ஆகஸ்டில் இரண்டு பள்ளியின் கிண்டர்கார்ட்டனுக்கும் நேரில் போய் எண்ணினேன். பதினான்கு பிள்ளைகள், அதில் பையன்கள் ஆறு. அவர்கள் ஒன்பதாம் வகுப்புக்கு வருவது 2034இல். தெற்கே பதினெட்டு மைலில் இருக்கும் மூன்றாவது ஊரோடு பேச அடுத்த மாதம் கூட்டம் வைத்திருக்கிறோம். இந்த முறை எங்களிடம் இன்னும் இருபத்துமூன்று பேர் இருக்கிறார்கள்.